பூஜ்யம் டிகிரி

டிரயல் பேலன்ஸ் தெரியும்தானே உங்களுக்கு? பற்றையும் வரவையும் தனித்தனியே கூட்டினால் ஒரே தொகை வரவேண்டும். வந்துவிட்டதாலேயே கணக்கு சரி என்று அர்த்தமில்லை. முருகன் கணக்கில் எழுதவேண்டியதைக் கந்தன் கணக்கில் எழுதியிருந்தாலும் டேலி ஆகும். பி.காமில் முதல் வருஷமே சொல்லிவிடுவார்கள். எஞ்சினியர்களுக்குச் சொல்கிறார்களோ என்னவோ.

அக்கா பையன், பால் குளிரூட்டும் தொட்டிக்கு வெப்பநிலை காட்டும் பெட்டி செய்கிறான். உள்ளே குட்டி லினக்ஸ் போர்டு. அதற்கும் வெப்பம் அளக்கும் சிப்புக்கும் நடுவே எஸ்.பி.ஐ. என்று நாலு கம்பி. மோட்டரோலா கொண்டுவந்த ஏற்பாடு. ஒரு கம்பி தாளம் போடும். ஒன்றில் போர்டு பேசும், ஒன்றில் சிப் பேசும். நாலாவது, 'உன்னைத்தான்' என்று சிப்பைத் தட்டி எழுப்ப. ஒரு பைட் கொடுத்தால்தான் ஒரு பைட் வாங்கலாம். டபுள் என்ட்ரியேதான்!

பெட்டி பூஜ்யம் டிகிரி காட்டியது. பாலுக்கு நாலு டிகிரியே போதும். பூஜ்யம் என்றால் யார் கவலைப்படப் போகிறார்கள்? பையனுக்கு மட்டும் உறுத்தல். சிப்பை விரலால் அழுத்திப் பிடித்தான். அப்போதும் பூஜ்யம். சி புரோகிராமோ, மூணு பைட் போச்சு, மூணு பைட் வந்தது, சுபம் என்கிறது.

எஸ்.பி.ஐ.யில் 'கேட்டுச்சா?', 'கேட்டுச்சு' என்கிற பேச்சே கிடையாது. ஐ டூ சி என்று இன்னொன்று உண்டு, அதில் சிப் 'உம்' கொட்டும். இங்கே எதிரே ஆளே இல்லாவிட்டாலும் போர்டு தாளம் போட்டு, கம்பியில் அப்போது இருப்பதை எழுதிக்கொள்ளும். கம்பி தாழ்ந்து கிடந்தால் எல்லா பிட்டும் 0. உயர்ந்து கிடந்தால் எல்லாம் 1. இந்த சிப்பின் கணக்கில் அது மைனஸில் ஒரு துளி, ஏறக்குறைய அதே பூஜ்யம். கம்பி அறுந்தாலும் பால் ஜில்லென்று இருக்கும், திரையில்!

"சக்சஸ்னுதான் மாமா சொல்லுது" என்றான் போனில்.

"அது உன் புஸ்தகம்டா. பாஸ்புக் என்ன சொல்லுது?"

சிப்பைக் கழற்றிவிட்டு, பேசும் கம்பியையும் கேட்கும் கம்பியையும் சேர்த்து முடிச்சுப் போட்டான். அனுப்பினது அப்படியே திரும்பி வந்தது. ஆக, போர்டு யோக்கியம். கடைசியில் அகப்பட்டது ஒரே ஒரு இலக்கம். சிப் இருந்தது ஸ்பைடெவ் 0.1 என்ற வாசலில். புரோகிராம் தட்டியது 0.0. இரண்டும் லினக்ஸில் இருக்கிற கதவுதான், திறக்கத்தானே செய்யும்? முருகன், கந்தன்!

பல சிப்களுக்குள் மாறாத அடையாள எண் ஒன்று பதித்திருப்பார்கள். பெட்டி இப்போது முதலில் அதைத்தான் கேட்கிறது. எண் தப்பினால் டிகிரி கிடையாது. வெறும் கோடு போட்டுவிட்டு அலறுகிறது. ராத்திரியெல்லாம் டெஸ்ட் பண்ணுகிறான், வீட்டில் ஒருத்தருக்கும் தூக்கமில்லை என்று அக்காவிடமிருந்து புகார் வந்திருக்கிறது.