தைத்த படகு

அந்தமானில் மரத்துக்குக் குறைவே இல்லை என்று தமிழ்நாட்டு உறவினர்கள் எண்ணுகின்றனர். ஆனால், படகு செய்ய விரும்பியபோது எங்களுக்கு ஓர் அடிமரமும் கிடைக்கவில்லை. 2002ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இத்தீவுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தது. அது நல்லதே, காடு இருந்தால்தானே தீவு இருக்கும்? நிக்கோபார் மக்கள் ஒரே மரத்தைக் குடைந்து, பக்கவாட்டில் மிதவைக் கட்டை பூட்டிச் செய்யும் ‘ஹோடி’, ஷாதிபூரில் வாழும் எங்களுக்குக் கனவாகவே இருந்தது.

ஆகவே, ஒட்டுப்பலகையால் ‘கயாக்’ செய்யத் துணிந்தோம். கயாக் என்பது வடதுருவப் பகுதி இனுவிட் மக்களின் ஒடுங்கிய படகு. மரச்சட்டத்தின்மீது கடல்நாயின் தோலைப் போர்த்தி அவர்கள் அதனைச் செய்தனர்.

என் தாத்தா இராமநாதபுரத்திலிருந்து வந்த தச்சர். வாய்ச்சியும் உளியும் பழகிய அவருக்கு ஒட்டுப்பலகை என்றாலே இளக்காரம். “தம்பி, இது படகா, அட்டைப்பெட்டியா?” என்று நகைத்தார். பலகைகளின் விளிம்பில் சிறு துளைகளிட்டுச் செப்புக் கம்பியால் நான் இணைக்கத் தொடங்கியதும் எழுந்து அருகில் வந்தார். கம்பியை முறுக்க முறுக்கத் தட்டையான பலகைகள் வளைந்து, தாமே படகின் வடிவம் பெற்றன.

“இது நம் மசூலாப் படகல்லவா!” என்றார்.

சோழமண்டலக் கரையில் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த படகு அது. துறைமுகம் இல்லாத அக்காலச் சென்னையில் கப்பலிலிருந்து ஆட்களையும் பொருள்களையும் அதுவே கரை சேர்த்தது. அலை மோதினால் நெகிழ்ந்து கொடுக்கும். அதில் கயிறு நிலைத்திருக்கும். எங்கள் கம்பியோ பசை இறுகியபின் வெட்டி எடுக்கப்படும். அந்த ஒன்றில் மட்டும் தாத்தாவுக்கு இறுதிவரை உடன்பாடில்லை. ஆயினும், மறுநாள் முதல் இழைப்புளி அவர் கையில்தான் இருந்தது.

அப்பா எங்கள் பக்கம் வரவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் நண்பர் ஒருவரை இழந்தவர் அவர். அதன்பின் கடலில் கால் நனைத்ததில்லை. எனினும், எங்களைத் தடுக்கவுமில்லை; உப்புத்தாள் வாங்கிவந்து வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் செல்வார்.

மூன்றாம் மாதம் கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் படகை இறக்கினோம். அப்பாவும் வந்திருந்தார். நான் அமர்ந்ததும் படகு சற்றே இடப்புறம் சாய்ந்து, பின் நேராக மிதந்தது. அதன் பின்புறம் கட்டிய கயிற்றை அப்பா இரு கைகளாலும் பற்றியிருந்தார்.

“கயிற்றை விடப்பா” என்றார் தாத்தா.

அப்பா விடவில்லை. நான் மெல்லத் துடுப்பு வலித்தேன். முழங்காலளவு நீரில் அவர் என் பின்னே நடந்துவந்தார்.