ஏன் ஆறு?

கதை எழுதுகிறவனுக்குத் தகட்டில் போடும் துளையைப் பற்றி என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கோயமுத்தூரில் சிறு பட்டறை வைத்திருக்கும் என் மருமான் சொன்ன விஷயம் என் தொழிலுக்கும் வெகு அருகில் வந்துவிட்டது.

300 மில்லிமீட்டர் நீளத் தகடு. இரு ஓரங்களிலும் 25 விட்டு, 50-க்கு ஒன்றாக ஆறு துளைகள். வாடிக்கைக்காரர் 450 நீளத்தில் கேட்டார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் கம்ப்யூட்டர் படத்தில் நீளத்தை மட்டும் மாற்றினான். தகடு நீண்டது, ஆறு துளைகளும் இருந்த இடத்திலேயே நின்றன. வெட்டிய தகடுகள் அத்தனையும் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

"பையனைத் திட்டி என்ன பிரயோசனம், மாமா? முதலில் வரைந்தவர் ஆறு என்று எழுதினாரே தவிர, ஏன் ஆறு என்று எழுதவில்லை" என்றான் மருமான்.

நீளத்தில் இரண்டு ஓரங்களையும் கழித்து, மிச்சத்தை இடைவெளியால் வகுத்து, ஒன்றைக் கூட்டவேண்டும். 250-ஐ 50-ஆல் வகுத்தால் ஐந்து. ஒன்று கூட்டினால் ஆறு. துளைகளின் எண்ணிக்கை கேட்கும் இடத்தில் இந்தக் கணக்கையே எழுதி வைத்திருந்தால், நீளம் 450 ஆனதும் துளைகள் தாமாகவே ஒன்பதாகியிருக்கும்.

யோசனை புதிதல்ல. 1963-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டாக்டர் பட்டத்துக்காக ஐவன் ஸதர்லண்டு உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்' என்ற ஏற்பாட்டிலேயே, இந்தக் கோடு அந்தக் கோட்டுக்கு இணையாக இருக்கவேண்டும் என்று கட்டளையிட முடிந்தது. கோட்டோடு அதன் உறவும் படத்தில் ஏறிவிட்டது.

ஆனாலும் கணக்கு எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. நீளம் 470 என்று வைத்துக்கொள்ளுங்கள். 420-ஐ 50-ஆல் வகுத்தால் 8.4. துளையில் அரையும் காலும் உண்டா? ஒன்பது துளைகளை வைத்து இடைவெளியைக் காப்பாற்றினால் ஓரங்கள் 35 ஆகிவிடும். ஓரத்தைக் காப்பாற்றினால் இடைவெளி 52.5 ஆகும். எது சரி? கம்ப்யூட்டர் சொல்லாது. இதன்மேல் பொருந்தவேண்டிய பாகத்தில் 50-க்கு ஒன்றாகத் துளை ஏற்கெனவே இருந்தால், இடைவெளியைத் தொடவே கூடாது. தொட்டால் போல்ட்டு இறங்காது. எது அசையலாம், எது அசையக்கூடாது என்பதை மனிதன்தான் முன்கூட்டித் தீர்மானிக்கவேண்டும்.

தொடர்கதையிலும் இதே சங்கடம்தான். கதாநாயகியின் வயதில் மூன்றைக் கூட்டினால், அவளைவிட இரண்டு வயது இளைய தம்பியின் படிப்பும் நகரவேண்டும். தகப்பனாரின் பென்ஷனும் நகரவேண்டும். ஆனால் 1964-இல் தனுஷ்கோடியைப் புயல் அழித்த இரவில் அவள் பிறந்தாள் என்று எழுதியிருந்தால், அந்த இரவு நகராது. கதை நடக்கும் வருஷத்தைத்தான் தள்ளவேண்டும்.

எண்ணை எழுதுவது சுலபம். அது எதைச் சார்ந்து நிற்கிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதி வைக்கிறவன், தனக்குப் பின்னால் அந்த நாற்காலியில் வந்து உட்காரப்போகும் முகம் தெரியாத ஒருவனுக்குப் பேருபகாரம் செய்கிறான்.