ஐந்தடி ஓர் அங்குலமும் இருபத்தொன்பது அங்குலமும்

சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்கள் நம்மில் மிகக் குறைவு. ஆனால் தாம் ஓட்டும் சைக்கிள் எப்படிப்பட்ட உடம்பை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்று யோசித்தவர்கள் அதைவிடக் குறைவாகத்தான் இருப்பார்கள். என் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். அதனால் நான் யோசிக்க வேண்டியதாயிற்று.

தமிழ்ப்பள்ளியில் 'மிதிவண்டி' என்று எழுதாவிட்டால் எங்கள் ஆசிரியை சிவப்பு மையில் கோடு போட்டுவிடுவார். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அது 'பாசிக்கல்' ஆனது. சைக்கிள் கடையிலோ முழுக்க ஆங்கிலம்தான். ஃபோர்க், ஸ்டெம் என்பவற்றையெல்லாம் கடையில் வழங்குவது போலவே எழுதுகிறேன். ஆசிரியர் குழு பொறுத்தருள்க.

டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த 2,500 வெள்ளி என்னிடம் இருந்தது. காட்டுப்பாதையில் ஏறவும் இறங்கவும் ஏற்ற 'கிராஸ் கன்ட்ரி' ரகச் சைக்கிள் ஒன்று வாங்க நினைத்தேன். அப்பாவிடம் சொன்னபோது, "சித்தப்பா சைக்கிள் சும்மாதானம்மா கிடக்கு? அதுவும் மலை சைக்கிள்தானே?" என்றார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

சித்தப்பா 2004-இல் வாங்கிய அந்தச் சைக்கிள் அக்காலத்து நல்ல சரக்கு. அலுமினிய ஃபிரேம், 26 அங்குலச் சக்கரம், 80 மி.மீ. அமுங்கும் முன் ஃபோர்க், முன்னால் மூன்றும் பின்னால் ஒன்பதுமாக 27 கியர். கைத்தொலைபேசிச் செயலியை வைத்துக் கோணம் அளந்தேன். ஃபோர்க் தரையோடு செய்யும் சாய்வு 71 பாகை. ஹேண்டில்பாரின் அகலம் 580 மி.மீ.; அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம் 110 மி.மீ. நீளம். ஏறி உட்கார்ந்தால் உடம்பு முன்சக்கரத்தின் மேல் கவிழ்ந்து நிற்கும். ஏற்றத்தில் இது அருமையான சைக்கிள். எடை குறைவு, மிதித்த மிதிக்கு உடனே ஓடும். இறக்கத்தில்தான் வினை. புக்கிட் கியாராவில் மழை பெய்த மறுநாள், வேர்கள் குறுக்கே ஓடும் சரிவில் முன்சக்கரம் ஒரு வேரில் முட்டி நின்றால், நாம் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய்விடுவோமோ என்றிருக்கும். (கியாரா முன்பு ரப்பர்த் தோட்டம். பாதையோரத்தில் பால்மரங்கள் இன்னும் நிற்கின்றன. பாட்டி மரம் சீவியவர் என்பதால் எனக்கு அந்த இடத்தின்மேல் தனிப் பிரியம்.)

இந்த 26 அங்குலம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் வேடிக்கையாக இருக்கிறது. ஆராய்ச்சி செய்து எடுத்த அளவே அல்ல. 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்து இளைஞர்கள், பருத்த டயர் போட்ட பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலையிலிருந்து உருட்டினார்கள். அவற்றின் சக்கரம் 26 அங்குலம். பின்னர் வந்த தயாரிப்பாளர்கள் அதையே பின்பற்றினார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உலகமே அந்த அளவில்தான் ஓடியது. 29 அங்குலம் என்பதும் புதிதாகப் பிறந்த அளவல்ல. சாலைப் பந்தயச் சைக்கிளின் 622 மி.மீ. ரிம்மேதான், பருத்த டயர் போட்டதும் விட்டம் 29 அங்குலத்தை எட்டுகிறது.

பெரிய சக்கரத்தின் நன்மையை விளக்கப் பெளதிகம் படித்திருக்க வேண்டியதில்லை. சிறு பள்ளத்தில் தள்ளுவண்டிச் சக்கரம் விழுந்துவிடும்; மாட்டுவண்டிச் சக்கரம் மேலேயே உருண்டு போகும். ஆனால் 2000களில் 29 அங்குலம் பரவத் தொடங்கியபோது, அது உயரமானவர்களின் சைக்கிள் என்ற பேச்சு எழுந்தது. போட்டியாளர்களிடையேகூட அந்தத் தயக்கம் இருந்தது. அவ்வளவாக உயரமில்லாத சுவிட்சர்லாந்து வீரர் நினோ ஷுர்ட்டர் 29-ஐ விட்டு நடுவளவான 27.5-ஐ எடுத்துக்கொண்டு, 2012 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உலகக் கிண்ணச் சுற்றை வென்றார். அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் 29 அங்குலச் சைக்கிளில் வந்த செக் வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவி, கடைசி நேரத்தில் ஷுர்ட்டரை முந்தித் தங்கம் வென்றார். ஒரே ஒரு விநாடி வித்தியாசம். பின்னாளில் ஷுர்ட்டரும் 29-க்கு மாறினார்.

ஷுர்ட்டருக்கே தயக்கம் என்றால் என் நிலை என்ன? நான் போன முதல் கடையின் தவுக்கே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அடிக், உனக்கு 24 இஞ்சி போதும்," என்று பிள்ளைகள் ஓட்டும் சைக்கிளைக் காட்டினார். எனக்குக் கோபம் வந்தாலும், அவர் பேச்சில் பழைய அனுபவம் ஒன்று இருந்தது. சிறிய ஃபிரேமில் பெரிய சக்கரத்தைப் பொருத்தினால், ஹேண்டில்பாரைத் திருப்பும்போது முன் டயர் ஓட்டுபவரின் கால் விரலில் இடிக்கும். ஆரம்பகால 29-களில் உண்மையாகவே இந்தத் தொல்லை இருந்தது.

அதைத் தீர்த்தது சக்கரமல்ல, சாய்வு. என் கணிப்பில், இருபது ஆண்டுகளில் நடந்த உண்மையான மாற்றம் இதுதான். 71 பாகையில் நின்ற ஃபோர்க் மெல்ல மெல்லச் சாய்ந்தது. டிரெக் நிறுவனத்தின் சூப்பர்காலிபர் 2019-இல் 69 பாகையில் வந்தது. 2023-இல் வந்த அடுத்த தலைமுறையில் அது 67.5. ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 2024-இல் வெளியிட்ட எபிக் 8 ஏறக்குறைய 66 பாகை, முன்னும் பின்னும் 120 மி.மீ. அமுங்கும். ஒரு காலத்தில் இந்தச் சாய்வை மலையிறக்கச் சைக்கிளில்தான் பார்க்க முடியும். ஃபோர்க் சாயும்போது முன்சக்கரம் நம்மை விட்டுத் தள்ளிப் போகிறது. செங்குத்தான இறக்கத்தில் உடல் எடை சக்கரத்தைத் தாண்டிக் கவிழ்வதில்லை. டயரும் கால் விரலுக்கு எட்டாமல் போகிறது! ஃபிரேமின் முன்பகுதியை நீட்டி ஸ்டெம்மைக் குறுக்கிவிட்டதால், கை நீட்ட வேண்டிய தூரம் பழையபடியே இருக்கிறது. உயரமானவர்கள் வேகமாக இறங்குவதற்காகச் செய்த மாற்றம், குள்ளமானவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது.

ஏன் சாய்த்தார்கள்? பாதை மாறியது. 1996-இல் அட்லாண்டாவில் இப்போட்டி முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது, வென்றவருக்கு 2 மணி 17 நிமிடம் பிடித்தது. அது பொறுமையின் பந்தயம். 2024 பாரிஸில் பிரிட்டனின் டாம் பிட்காக், நடுவில் டயர் பஞ்சராகியும், 1 மணி 26 நிமிடத்தில் முடித்தார். சிறு சுற்றுப் பாதை, செயற்கையாக அடுக்கிய பாறைகள், குதித்துத் தாண்டும் மேடுகள். இவற்றில் பழைய சைக்கிளை ஓட்டுவது வீரமல்ல, விபரீதம்.

எல்லா மாற்றமும் நமக்கு நல்லது என்று சொல்லமாட்டேன். பிரேக், கியர் கம்பிகளை ஹேண்டில்பாருக்கடியில் உள்ள பேரிங் வழியாக ஃபிரேமுக்குள் நுழைக்கும் பாணி இப்போது பரவியிருக்கிறது. பார்க்க அழகு. நம் மழைக்கும் சேற்றுக்கும் அந்த பேரிங் துருப்பிடித்தால், அதை மாற்றப் பாதிச் சைக்கிளைக் கழற்ற வேண்டும். ஐரோப்பாவில் யாரோ ஒருவருடைய மேசையில் பிறந்த யோசனைக்கு நாம் ஏன் கூலி கொடுக்க வேண்டும்? பின்பக்கமும் அமுங்கும் உயர்ரகக் கார்பன் சைக்கிள்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு புது மைவி வாங்கிவிடலாம்.

அப்படியானால் சித்தப்பா சைக்கிளையே புதுப்பித்துக்கொள்ளலாமே? முயன்று பார்த்தேன். அதன் ஃபிரேமில் டிஸ்க் பிரேக் மாட்ட இடமில்லை. முன்கழுத்துக் குழாய் பழைய நேர்க்குழாய்; இன்றைய நல்ல ஃபோர்க்குகளின் தண்டு கீழே பருத்தது, உள்ளே நுழையாது. பின்சக்கர அச்சின் இடம் 135 மி.மீ.; இன்றைய வழக்கம் 148. நான்கு கடைகளில் 26 அங்குலத்துக்கு நல்ல டயர் கேட்டேன். "ஸ்டாக் இல்லை" என்பதுதான் பதில். உடையாத ஒன்றை இப்படியும் பழையதாக்க முடியும் என்று அன்றுதான் கண்டேன். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. "பாத்து வாங்கு," என்று மட்டும் சொன்னார்.

சீனியர் அக்கா ஒருவர் உதவியால் இரண்டு சைக்கிள்களைக் கியாராவில் மாறி மாறி ஓட்டினேன். ஒன்று 27.5 அங்குலம், மிகச் சிறிய ஃபிரேம். மற்றது 29, சிறிய ஃபிரேம். இரண்டிலும் பின்பக்கம் அமுங்காது. வளைந்து வளைந்து ஏறும் இடங்களில் 27.5 சொன்னபடி கேட்டது. வேர்கள் நிறைந்த ஏற்றத்திலோ, மூன்று முறை கால் ஊன்றிய இடத்தை 29-இல் ஊன்றாமலே கடந்தேன். என் எடை 48 கிலோ. டியூப் இல்லாத அகல டயரில் காற்றை 19 பி.எஸ்.ஐ. வரை குறைத்ததும் வேர்மேல் சக்கரம் வழுக்குவது பாதியாகக் குறைந்தது. சித்தப்பா சைக்கிளில் அவ்வளவு காற்றைக் குறைத்தால், டியூப் ரிம்மில் நசுங்கிக் கிழிந்துவிடும்.

29-ஐயே வாங்கினேன். பழையதுதான், 2,200 வெள்ளி. 68 பாகை, 60 மி.மீ. ஸ்டெம், பின்னால் மட்டும் 12 கியர். 740 மி.மீ. ஹேண்டில்பார் என் தோளுக்கு அகலம் என்பதால் இரு பக்கமும் 20 மி.மீ. அறுக்கச் சொன்னேன். அறுத்துக் கொடுத்தவர் அதே தவுக்கேதான். கூலி வாங்கவில்லை.

ஒரு குறை மட்டும் மீதமிருக்கிறது. மிகச் செங்குத்தான இறக்கத்தில் எல்லாரும் உடம்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளுவார்கள். என் கால் நீளத்துக்கு அப்படித் தள்ளினால் பின் டயர் உரசுகிறது. நான் பின்னால் போக முடியாது, கீழேதான் போக வேண்டும். அதற்குக் கட்டைவிரலால் அழுத்தினால் சீட் இறங்கும் 'டிராப்பர்' கம்பி தேவை. கையில் இருப்பது 300 வெள்ளி. இன்னும் இரண்டு மாத டியூஷன்.