கப்பல் வராத வாரம்

பணிமாற்றம் பெற்ற தந்தையுடன் அந்தமானுக்கு வந்து ஒரு வாரமே ஆகியிருந்த மகள், மரைன் ஹில்லில் இருந்த சிறிய பர்கர் கடையில் அரை மணி நேரம் காத்திருந்தாள். வந்த பர்கரில் வெங்காயமும் இல்லை, தக்காளியும் இல்லை. வெள்ளரித் துண்டுகளே இருந்தன.

"விலை மட்டும் குறையவில்லையே!" என்று அவள் முகம் சுளித்தாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

பரிமாறிய இளைஞர் மறுத்துப் பேசவில்லை. "கடல் கொந்தளிப்பால் கப்பல் வரவில்லை, தங்கச்சி. வெள்ளரி இங்கேயே விளைந்தது. முன்பே சொல்லாதது எங்கள் தவறு" என்று கூறிப் பத்து ரூபாயைத் திருப்பித் தந்தார்.

சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல். கப்பல் வந்து சேர மூன்று நாள் ஆகும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் பெரும்பாலும் அவ்வழியாகவே வருகின்றன. பர்கரும் தொலைவிலிருந்து வந்ததுதான். செருமனியின் ஹாம்பர்க் நகரப் பெயரிலிருந்து பிறந்தது அதன் பெயர். 1996இல் மெக்டொனால்ட்ஸ் தில்லியில் முதல் கடையைத் திறந்தபோதே மாட்டிறைச்சியை விட்டுவிட்டது. தீவில் வெங்காயம் வெள்ளரியானதில் வியப்பென்ன?

மகள் கடித்துப் பார்த்தாள். வெள்ளரி நறுக்கென்று கடிபட்டது. பாதி தின்ற பின், "அடுத்த கப்பல் எப்போது, அண்ணா?" என்று கேட்டாள்.