நின்றே தேயும் கால்கள்

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்குச் சாயங்காலம் கால் வீங்கிவிடுகிறது. அதே நேரம் நடந்துகொண்டே இருப்பவருக்கு அவ்வளவு வீங்குவதில்லை. ஏன்?

விடை கெண்டைக்காலில் இருக்கிறது. வெளியே புடைத்துத் தெரியும் தசை காஸ்ட்ராக்னீமியஸ். ஓட, குதிக்கச் சட்டென்று விசை தருவது அது. அதன் அடியில் தட்டையாகக் கிடப்பது சோலியஸ் (ஒரு தட்டை மீனின் பெயர்தான் இதற்கும்!). நிற்கும்போது உடம்பு முன்னால் சாயாமல் பிடித்துக்கொள்வது இதுதான், லேசில் களைக்காது. இரண்டும் ஒரே நாணாகிக் குதிகாலில் சேர்கின்றன.

ஒவ்வொரு எட்டிலும் இவை இறுகும்போது உள்ளே ஓடும் சிரைகள் பிழியப்பட்டு இரத்தம் மேலே ஏறும். கீழே திரும்பாமல் வால்வுகள் தடுக்கும். 'இரண்டாவது இதயம்' என்று சும்மாவா சொன்னார்கள்! அசையாமல் நின்றாலும் சோலியஸ் இறுகித்தான் இருக்கிறது. ஆனால் இறுகித் தளர்ந்தால்தானே பம்ப்? இரத்தம் தேங்கும், நாளடைவில் வால்வும் பழுதாகலாம். 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்கிறார்களே, அது இதுதான். சுருண்டது நரம்பல்ல, சிரை.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டத்தைத் திருத்தின. நாற்காலி வந்தாலும், முதலாளி பார்க்கையில் யார் உட்காருவது? கவுன்டருக்குப் பின்னால் நின்றபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினால் பம்பாவது ஓடும். எதிரே நிற்பவருக்குத் தெரியாது.