தீயை அணைத்த பிறகு

தமிழில் ‘அணைத்தல்’ என்னும் வினைக்கு இரண்டு பொருள் உண்டு. தாய் குழந்தையை அணைக்கிறாள். வீரர் தீயை அணைக்கிறார். முன்னது தழுவல், பின்னது அவித்தல். சூழல் பொருளைப் பிரித்துக் காட்டிவிடுவதால் கேட்பவர் எவரும் குழம்புவதில்லை. கன்னடம் அதே வீரரை ‘அக்னிசாமக’ என்னும் வடசொல்லால் குறிக்கும். தீயைத் தணிப்பவர் என்பது அதன் பொருள். தழுவலுக்கு அங்கே இடமில்லை. ஆனால் பணி முடித்துத் திரும்பும் வீரரின் மேலங்கி தமிழ்ச் சொல்லின் பக்கமே நிற்கிறது. அவர் தீயை அவித்துவிடுகிறார்; தீ அவரைத் தழுவிக்கொண்டு நிலையம்வரை வருகிறது.

பெங்களூரின் பீன்யாவை எண்ணிப் பார்க்கலாம். மின்முலாம் பூசும் பட்டறைகள், பவுடர் கோட்டிங் கூடங்கள், பிளாஸ்டிக், ஆயத்த ஆடைத் தொழில்கள் எனச் சுவரோடு சுவர் உரசி நிற்கும் தொழிற்பேட்டை அது. நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பது அங்கே பல ஆண்டுகளாகப் பேசப்படும் செய்தி. கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிடும் மாசு அவ்விடத்துக்குப் புதிதன்று. அங்கு மூளும் தீ விறகுத் தீயும் அன்று. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு எழும். பாலியூரித்தேன் நுரை எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு. வாயுக்கள் காற்றில் கலைந்துவிடும். கரித்துகளோடு ஒட்டிய பென்சோபைரீன் போன்ற ஹைட்ரோகார்பன்கள் அப்படிக் கலைவதில்லை. அவை அங்கியிலும் கையுறையிலும் வண்டி இருக்கையிலும் படிந்து, தோல்வழியே உடம்புக்குள் இறங்கும். சுவாசக் கருவி நுரையீரலைக் காக்கும், கழுத்தைக் காக்காது.

புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 2007இல் தீயணைப்புப் பணியைப் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்னும் 2பி பிரிவில் வைத்தது. 2022இல் அதே பணி முதற்பிரிவுக்கு மாற்றப்பட்டது. ‘கூடும்’ என்ற ஒரு துணைவினை நீங்குவதற்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

கரி ஒரு பாதி என்றால் கிருமி மறுபாதி. விபத்து மீட்பு, வெள்ளம், சடலம் எடுத்தல் ஆகிய அனைத்தும் இதே வீரர்களின் பணி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துத் தீயணைப்பு நிலையங்களில் நடந்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியா வண்டிகளிலும் மேலங்கிகளிலும் மட்டுமன்றி, நிலையத்தின் சமையலறை முதலிய வாழிடங்களிலும் கண்டறியப்பட்டது. நிலையம் என்பது பணியிடமாகவும் வீடாகவும் இருப்பதே சிக்கல். அங்கி தொங்கும் கூரையின் கீழேயே உணவும் உறக்கமும்.

2020இல் இந்திய நகரங்கள் பலவற்றில் தீயணைப்பு வண்டிகள் தெருவெங்கும் ஹைப்போகுளோரைட் கரைசலைத் தெளித்தன. அழுக்கின்மேல் தெளித்த கரைசல் வீரியம் இழந்துவிடும் என்பது வேதியியலின் பாலபாடம். முதலில் கழுவ வேண்டும், பிறகே கிருமிநாசினி. கழுவுவதன் பயன் அளந்து பார்க்கப்பட்டும் இருக்கிறது. 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சம்பவ இடத்திலேயே சோப்பு நீரால் தேய்த்துக் கழுவிய அங்கிகளில் ஹைட்ரோகார்பன் படிவு ஏறத்தாழ 85 விழுக்காடு குறைந்தது. ஈரத்தாளால் துடைத்த கழுத்தில் 54 விழுக்காடு. செலவு மிகக் குறைந்த தீர்வு இது.

ஆயினும் கழுவிய அங்கி காயும்வரை அடுத்த அழைப்பு காத்திராது. மாற்று அங்கி இல்லாதவரிடம் தூய்மையைப் போதிப்பது அறமாகாது. கரி படிந்த தலைக்கவசத்தை வீரத்தின் அடையாளமாகக் கொண்டாடும் வழக்கமும் உலகெங்கும் உண்டு. இல்லாமையைப் பெருமையாக மாற்றிக்கொள்வது மனித இயல்பு.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் நாடு அவர்களை நினைவுகூர்கிறது. நெருப்பில் இறந்தவரை எண்ணிவிட முடிகிறது. ஓய்வு பெற்றுப் பத்தாண்டுகள் கழித்து மருத்துவமனைப் படுக்கையில் இறப்பவர் அவ்வெண்ணிக்கையில் சேர்வதில்லை. அவரது தீ என்றோ அவிந்துவிட்டதாகவே கருதப்படுகிறது.

தீயை அணைத்த கைதான் வீடு திரும்பிக் குழந்தையையும் அணைக்கிறது. இவ்விரண்டு அணைப்புகளுக்கும் இடையே ஒரு வாளி சோப்பு நீரும் ஒரு மாற்று அங்கியும் இருக்க வேண்டும். அவற்றைத் தர வேண்டியது வீரர் அல்லர், அவரை அனுப்புகிற சமூகம்.