ஆடு, புலி, ழான் தார்க்

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் யார் போன் செய்தாலும் நான் எடுப்பதில்லை. அந்த நேரத்தில் நான் போர்க்களத்தில் இருப்பேன். எழுபது வயதைத் தாண்டிய, பென்ஷன் வாங்கும் ஒரு ரிடையர்ட் குமாஸ்தா, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கோட்டை கட்டிக்கொண்டிருக்கிறான் என்றால் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இந்தப் பழக்கம் கம்ப்யூட்டரில் ஆரம்பித்ததில்லை. சூலூரில் அம்மிச்சி வீட்டுத் திண்ணையில் ஆரம்பித்தது.

அப்பாவுக்குப் பாண்டிச்சேரியில் மில் வேலை. அங்கே எங்கள் தெருவில் சில 'சொல்தா' குடும்பங்கள் இருந்தன. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை அப்படித்தான் சொல்வார்கள். அவர்களுக்குப் பிரான்ஸ் நாட்டுப் பென்ஷன் வரும். அதைப் பார்த்து, பையனும் பிரெஞ்சு படித்தால் பிழைத்துக்கொள்வான் என்று அப்பா என்னைப் பிரெஞ்சு வழிப் பள்ளியில் சேர்த்தார். 1954 நவம்பர் 1 அன்றே நிர்வாகம் இந்தியா கைக்கு வந்துவிட்டது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இணைந்துவிட்டது. ஆட்டம் மாறிய பிறகு அப்பா காய் வைத்திருந்தார். பாவம், அவருக்கு யார் சொல்வது?

முழுப் பரீட்சை முடிந்தால் போதும், அம்மாவோடு சூலூர் வந்துவிடுவேன். வெயில் நேரத்தில் குளத்துப் பக்கம் போகக் கூடாது என்று அம்மிச்சி பிடித்து உட்கார வைப்பார். திண்ணையில் கரிக்கட்டையால் ஆடு புலி ஆட்டத்துக்குக் கட்டம் போடுவார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். கூம்பு மாதிரி ஒரு கட்டம். கோடுகள் சந்திக்கும் புள்ளிகள் 23. புலி மூன்று, ஆடு பதினைந்து. எங்களுக்குப் புலி என்றால் கூழாங்கல், ஆடு என்றால் புளியங்கொட்டை. ஆட்டுக்காரர் ஒவ்வொன்றாக ஆட்டை வைத்துக்கொண்டே வர வேண்டும். பதினைந்தும் இறங்கும் வரை எந்த ஆட்டையும் நகர்த்த முடியாது. புலியோ முதலிலிருந்தே நடமாடும். பக்கத்தில் ஆடு இருந்து, அதற்கு நேர் பின்னால் புள்ளி காலியாக இருந்தால், தாண்டிக் குதித்து ஆட்டை எடுத்துக்கொள்ளும். மூன்று புலியும் அசைய முடியாதபடி அடைத்துவிட்டால் ஆட்டுக்கு வெற்றி.

நான் எப்போதும் புலிதான் கேட்பேன். அம்மிச்சி தர மாட்டார். "புலிய வெச்சு ஆரு வேணாலும் ஆடலாங் கண்ணு. ஆட்ட வெச்சு ஆடிப் பழகு" என்பார்.

ஆரம்பத்தில் ஏழெட்டு ஆடு போய்விடும். அழுகை வரும். ஒரு நாள் அம்மிச்சி என் விரலைப் பிடித்து ஒரு புளியங்கொட்டையின் பின்னால் இன்னொன்றை வைத்தார். "ஒத்தையில நிக்கற ஆட்டத்தான் புலி அடிக்கும். பின்னால ஒருத்தன் நின்னா, தாண்டறதுக்கு எடம் ஏது?" அவ்வளவுதான் பாடம். கூம்பின் ஓரங்களில் ஆடு வைத்தால் புலிக்குத் தாண்ட இடம் கிடைக்காது என்பதை அதற்கப்புறம் நானே கண்டுபிடித்தேன். அந்த லீவு முடிவதற்குள் அம்மிச்சியின் மூன்று புலியையும் அடைத்தேன். அவர் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த நாலணாவை அவிழ்த்துக் கொடுத்தார்.

பள்ளியில் வேறொரு ஆட்டம். 'தாம்' என்பார்கள். பத்துக்குப் பத்து கட்டம், ஆளுக்கு இருபது காய். அதில் எதிரி காயைப் பிடிக்க வாய்ப்பிருந்தால் பிடித்தே ஆக வேண்டும், வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு காயைக் கொடுத்து எதிரியை இழுத்து, அப்புறம் மூன்று காயை அள்ளலாம். தூண்டில் போடுவது எப்படி என்று அங்கே கற்றுக்கொண்டேன். செஸ்ஸும் அங்கேதான். நாம் பிஷப் என்கிற காயைப் பிரெஞ்சுக்காரர்கள் 'ஃபூ', அதாவது கிறுக்கன், என்று சொல்வார்கள். குறுக்கே குறுக்கே ஓடுகிறவனுக்குப் பொருத்தமான பெயர்தான்.

படிப்பு முடிந்தபோது பிரெஞ்சுக்கு விலையில்லை. ஆங்கிலத்தை முட்டி மோதிப் படித்து, சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி, கோவையில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளரானேன். அதற்குப் பிறகு முப்பது வருடங்களுக்கு மேல் ஒரு பிரெஞ்சு வார்த்தை பேச வேண்டி வரவில்லை. அப்பா கட்டிய பீஸெல்லாம் தண்டம் என்று நானே சொல்லியிருக்கிறேன். அவர் காதில் விழும்படி சொன்னதும் உண்டு. இன்றைக்கு அது உறுத்துகிறது.

2000-ல் பி.எஃப். லோன் போட்டு மகனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கினேன். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் ஃபெயில். காரணம் தேடியபோது கிடைத்தது ஒரு சி.டி. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' விளையாட்டின் இரண்டாம் பாகம், 1999-ல் வந்தது. அதைப் பிடுங்கி பீரோவில் பூட்டினேன். சாயங்காலம் கிரிக்கெட் வேண்டாம் என்றேன். நண்பர்கள் வீட்டுக்கு வரக் கூடாது என்றேன். டியூஷனை இரண்டாக்கினேன். அவனும் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான். ஏதாவது வேண்டுமென்றால் அவன் அம்மா மூலம்தான் சேதி வரும். ஒரே வீட்டில் இரண்டு மாதம் இப்படிப் போனது.

ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்படி என்னதான் இருக்கிறது அந்தச் சனியனில் என்று பார்க்க, சி.டி.யை எடுத்துப் போட்டேன். நாடு எது என்று கேட்டது. பட்டியலில் 'ஃப்ராங்க்ஸ்' என்று இருந்ததைத் தொட்டேன். மூன்றே மூன்று குடியானவர்கள், ஒரு குதிரை வீரன், சுற்றிலும் இருட்டு. ஒரு குடியானவனை மவுஸால் அழுத்தினேன். அவன் ஒரு மாதிரிப் பழைய பிரெஞ்சில் பதில் சொன்னான்!

நம்ப மாட்டீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. நடு ராத்திரியில், சூலூரில், ஒரு பெட்டிக்குள்ளிருந்து யாரோ என் பள்ளிக்கூட மொழியில் பேசுகிறார்கள். இன்னும் துழாவினால் ழான் தார்க்கின் கதையே ஆட்டமாக இருக்கிறது. பாண்டி மாதா கோயிலுக்கு எதிரே தோட்டத்தில் சிலையாக நிற்பாளே, அதே பெண்தான். முதல் கட்டத்தில் கையளவு வீரர்களை வைத்துக்கொண்டு அவளை ஷினோன் கோட்டை வரை பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவள் செத்தால் ஆட்டம் முடிந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. இது ஆட்டுக்காரன் ஆட்டம். முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒருவர், ஒத்தையில் யாரையும் விடாதே. மூன்று ராத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் பதினொரு மணிக்கு மேல் பீரோ திறக்கும். பகலில் மகனுக்கு உபதேசம், ராத்திரியில் நான் ஆர்லியான் நகரத்தை மீட்டுக்கொண்டிருப்பேன். ஒரு கோட்டைக்கு 650 கல் வேண்டும். அந்தக் கணக்கை ஆபீஸ் நோட்டில் கூட எழுதிப் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் எதிரி என் ஊருக்குள் புகுந்துவிட்டான். திணறிக்கொண்டிருந்தேன். பின்னால் மூச்சுச் சத்தம். திரும்பினால் மகன். எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது. ஐம்பதை நெருங்கும் வயதில், பிட் அடித்து மாட்டிய பையன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவன் என்ன கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இல்லை.

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "வெறகு வெட்ட இன்னும் ரெண்டாளு போடுங்கப்பா. இப்படியே போனா தாங்காது" என்றான். இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னோடு நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

விடியற்காலை வரை விளையாடினோம். அன்றைக்குத்தான் உறைத்தது. டியூஷன், கிரிக்கெட், நண்பர்கள் என்று ஒவ்வொரு புள்ளியாக அடைத்து, பெற்ற பிள்ளையைப் புலி மாதிரி முடக்கியிருக்கிறேன். நன்றாக விளையாடுவதாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் சாயங்காலம் கிரிக்கெட் பேட் வெளியே போனது, நான் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை இரண்டு மணி நேரம் இருவரும் விளையாடுவது என்று ஒப்பந்தம். கணக்கில் பெரிய மார்க் எல்லாம் வரவில்லை. பாஸ் செய்தான், அது போதும்.

இப்போது அவன் பெங்களூரில் இருக்கிறான். ஞாயிறு இரவு இன்டர்நெட்டில் இருவரும் ஒரே அணி. 2022-ல் அதே விளையாட்டில் 'திராவிடர்கள்' என்றொரு நாடும் ராஜேந்திர சோழன் கதையும் சேர்த்திருக்கிறார்கள். உருமி சுழற்றும் வீரனும் திரிசடை என்ற கப்பலும் உண்டு, குதிரைப் படை மட்டும் சுமார். மகன் சோழனை எடுப்பான். நான் ஃப்ராங்க்ஸை விடுவதில்லை. அப்பா கட்டிய பீஸுக்கு என்னால் செய்ய முடிந்தது இவ்வளவுதான்.

என் மனைவி காலமான பிறகு ஒரு நாள் மகன் சொன்னான். நான் ராத்திரியில் விளையாடியது அவளுக்கு முதல் வாரமே தெரியுமாம். "அப்பா ஆடட்டும், நீயே போய் ஒரு நாள் பக்கத்துல உக்காரு" என்று அவனை அனுப்பியதே அவள்தானாம். இத்தனை வருடம் என்னிடம் மூச்சு விடவில்லை.

இந்தக் கோடைக்குப் பேரன் வருகிறான். மொட்டை மாடியில் சாக்பீஸால் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். புளியங்கொட்டையும் எண்ணி எடுத்தாயிற்று. புலிதான் வேண்டும் என்று அடம் பிடிப்பான், தெரியும். உங்கள் வீட்டில் ஆடு புலி ஆடியிருந்தால், புலி எத்தனை ஆட்டை அடித்தால் ஜெயித்ததாகக் கணக்கு என்று சொல்லுங்கள். அம்மிச்சி ஆளுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார் என்று எனக்கு இன்னமும் ஒரு சந்தேகம்.